என் கட்டைவிரலுக்கு ஒன்பது ‘சூப்பர்’

அந்த யோசனை எனக்கு வந்தது ரயிலில், ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தபோது.

விம்கோ நகரில் ஏறும்போதே பெட்டி நிரம்பி வழிந்தது. ஒரு கால் தரையில், இன்னொரு கால் யாருடைய சாப்பாட்டுப் பை மேலேயோ. கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. எடுத்துப் பார்க்கலாம் என்றால் முழங்கையை மடக்க இடமில்லை. தண்டையார்பேட்டையில் பத்துப் பேர் இறங்கிய பிறகுதான் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

பூக்களைப் படமெடுத்துப் போனில் பகிர்ந்துகொள்ளும் எங்கள் பூப்படக் குழுவில் நான் ஒரு படம் போட்டிருந்தேன். அதாவது, நான் போடவில்லை. நடைமேடைக் கோடியில் ஒரு எருக்கம்பூவை எடுக்கலாம் என்று குழுவிலிருந்தபடியே கேமராவைத் திறந்து குனிந்த நேரத்தில் வண்டி வந்துவிட்டது. ஓடினேன். ஓடின ஓட்டத்தில் விரல் இரண்டு முறை அழுத்தியிருக்கிறது. ஒன்று எடுத்தது, ஒன்று அனுப்பியது.

படத்தில் இருந்தது என் கட்டைவிரல். முக்கால் படத்துக்கு விரல். ஓரத்தில் ஒரு மஞ்சள் தீற்றல், அது நடைமேடை விளிம்பின் பெயிண்ட்.

அதற்குக் கீழே வரிசையாக: ‘சூப்பர் வினோ’. ‘சூப்பர் சிஸ், செம்ம கலர்’. ‘சூப்பர், பின்னாடி மங்கலா விட்டது வேற லெவல்’. ‘சூப்பர், இது என்ன பூ? இதுவரை பார்த்ததில்லை.’ எண்ணிப் பார்த்தேன், ஒன்பது சூப்பர்.

பத்தாவதாக ஒரே ஒரு வரி வேறு மாதிரி இருந்தது. ‘கட்டவெரல்ல இன்னா வெட்டு? நண்டு கய்வினியா?’

நண்டுதான். முந்தின நாள் அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று போய்ப் பட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தவிர தெரியாத கீறல்.

பதினோரு பேர் குழுவில் ஒரே ஒருத்தர்தான் படத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். அப்படியானால் போன வாரம் என் பூவரசம்பூவுக்கு வந்த சூப்பர்கள்? அதற்கு முந்தின வாரம்? ராயபுரத்தில் இறங்கி அலுவலகத்துக்கு நடக்கவில்லை, ஓடினேன். சூப்பரை ஒழித்தே தீர வேண்டும் என்று அந்த ஓட்டத்தில்தான் முடிவு செய்தேன்.

(நான் அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள் கதையைப் போன வாரம் இங்கே எழுதும்போது பாதியில் விட்டிருந்தேன். அது பாதியிலேயே இருக்கட்டும். இதுதான் இப்போது மண்டையைக் குடைகிறது.)

டிக் போடும் கை

நானும் ஒன்றும் யோக்கியமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கும்போது அறிவியல் ரெக்கார்டு நோட்டு நடுவில், பச்சையம் பற்றிய பத்தியில், ‘மிஸ் இதைப் படிக்க மாட்டாங்க’ என்று ஒரு வரி எழுதி வைத்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு டிக். ஓரத்தில் ‘நன்று’ வேறு. வகுப்பே அந்த நோட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒரு மாதிரியாகிவிட்டது. மற்ற பக்கங்களை ராத்திரி எல்லாம் கண் விழித்து எழுதியிருந்தேன். அதற்கும் அதே ‘நன்று’தான்.

குழுவில் சேர்ந்த பிறகு அந்த டிக் போடும் கை எனக்கும் வந்துவிட்டது. ரயிலில் தொங்கிக்கொண்டே எல்லாருக்கும் சூப்பர் போட்டுவிடுவேன். படம் திறந்துவர நேரமாகும், சூப்பர் போட நேரமே ஆகாது.

எங்கள் குழுவின் பெயர் ‘எருக்கம்பூ’. எங்கள் பக்கத்தில் யாரும் வளர்க்காமல் வளர்வது அதுதான். தண்டவாளத்து ஜல்லியில், கண்டெய்னர் யார்டு மதில் ஓரத்தில், சாக்கடை விளிம்பில், எங்கும் எருக்கு. அப்புறம் கடலோரத்தில் அடம்பு, சுவர் இடுக்கில் நித்யகல்யாணி, பெயிண்ட் டப்பாவில் செம்பருத்தி. காற்று திரும்பினால் இத்தனையின் மேலும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெல்லிசாகப் படியும். துணி காயப்போடுகிறவர்கள் கொடியைத் துடைத்துவிட்டுத்தான் போடுவார்கள். நாங்கள் பூவைத் துடைத்துவிட்டுத்தான் எடுப்போம்.

“ஊர்ல இருக்கறவ பூவ தலைல வெப்பா. இவ போன்ல வெச்சிகினு அலையறா” என்பார் அம்மா.

போன் பேசட்டும்

சூப்பருக்குத் தடை போட்டால் மட்டும் போதாது, அதற்குப் பதிலாக ஒன்று வேண்டும் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வழி அப்பாவிடமிருந்து கிடைத்தது. அவர் சொல்லித் தரவில்லை, நான் பார்த்து வைத்திருந்தது.

அப்பா காசிமேட்டில் படகுக்குப் போகிறவர். சின்ன வயதில் ஒருமுறை ஏலத்துக்குக் கூட்டிப்போனார். மீனைத் தரையில் கொட்டிவிட்டு அப்பா பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். சுற்றி நிற்கிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள், வயிற்றை அமுக்குகிறார்கள், ‘ஐஸ் பத்தல, கண்ணு செவந்துகீது’ என்கிறார்கள். அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கோ அழுகை வந்தது. “நம்ம மீனுன்னு சொல்லுப்பா” என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். “நா இன்னாத்துக்கு பேசணும்? மீனு பேசும்” என்றார்.

ஆக விதி தயார். ஞாயிறு காலை கூட வேண்டும். ஆளுக்கு ஒரு படம். போன் கை மாறி மாறிச் சுற்றும். ஒவ்வொருவரும் ஒரு நிறை, ஒரு குறை சொல்ல வேண்டும். போன் சொந்தக்காரர் கைக்குத் திரும்பும் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. சூப்பர் என்று சொன்னவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

மற்ற பத்துப் பேரும் ‘சூப்பர் ஐடியா’ என்று பதில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது என்னோடு சேர்த்து நாலு பேர்.

கல்லு மேல பஞ்சாயத்து

திருவொற்றியூர்க் கடலோரத்தில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் உட்கார்ந்தோம். நாலாவது ஆள் கிரிக்கெட் இருக்கிறது என்று பாதியில் எழுந்து போய்விட்டார். மிச்சம் மூன்று பேர்.

ஒருத்தர் செல்வி அக்கா. மார்க்கெட் பக்கம் தையல் கடை. மல்லிகை மொட்டு தவிர எதையும் எடுக்க மாட்டார். இன்னொருத்தர் ஜெகன் அண்ணா, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், டிரெய்லர் டிரைவர். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் பெட்டி ஏற்றிப் போகிறவர். என் விரலில் வெட்டைப் பார்த்தவர் அவர்தான். மூன்றாவது நான்.

முதலில் சுற்றுக்குப் போனது என் போன். செல்வி அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, “எனக்கு குத்தம் சொல்ல வாய் வர்லமா. பாவம், ஆசையா எடுத்துக்குது” என்றார்.

“ஜாக்கெட் தெச்சிகுடுத்தா மட்டும் தோள்ல சுருக்கு, கைல டைட்டுன்னு ஒன்னு ஒன்னுத்துக்கும் வந்து நிக்கிறாங்கோ. அவங்க பாவம் பாக்கறாங்களா ஒன்ன?” என்றார் ஜெகன் அண்ணா.

“அது துணிடா. தச்சத பிரிக்கலாம். இத்த எப்டி பிரிப்ப?”

அப்புறம் என் படம் ஜெகன் அண்ணா கைக்குப் போனது. செம்பருத்தி. எங்கள் வீட்டு வாசல் பெயிண்ட் டப்பாவில் பூத்தது. இதழ் முழுக்கப் பனித்துளி. ஒவ்வொரு துளியிலும் வெளிச்சம். குழுவில் போட்டால் பூகம்பம் வரும் என்று ஞாயிறுக்காகவே அடைகாத்து வைத்திருந்தேன்.

ஜெகன் அண்ணா போனை மூக்குக்குக் கிட்டே பிடித்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். நகர்த்தினார். மறுபடி பெரிதாக்கினார். எனக்கு உட்காரவே முடியவில்லை. பாறையில் ஒட்டியிருந்த காய்ந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“செவப்பு நல்லா வந்துகீது. அது நெற.” போனைச் சாய்த்துப் பிடித்து, “எத்தினி மணிக்கு எடுத்த?”

“காலைல. பனியோட.”

“வாய தொறக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?”

“நீதான கேட்ட?”

“பூவுக்கு நெயலு காம்புக்கு நேர் கீய வுயிந்து கீது. அப்ப மத்தியானம். எண்ணூரு வெயில்ல மத்தியானம் பனியா?” செல்வி அக்கா சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிந்தது. ஜெகன் அண்ணா விடவில்லை. “இத்த பாருக்கா. துளி காஞ்ச எடத்துல வெள்ள வெள்ளயா வட்டம் கட்டிகீது. வண்டி கண்ணாடில போர் தண்ணி ஊத்தனா இதே வட்டந்தான் நிக்கும், தேச்சி தேச்சி என் தோளு கயண்டுபோவும். உப்பு தண்ணிய அடிச்சிட்டு பனின்னு டபாய்க்கிறா.”

உண்மை. அம்மா இஸ்திரி போடும்போது துணிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டில். குழாயில் வந்த போர்வெல் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் கேனில் வருவது, அதைப் பூவுக்கு அடித்தால் அம்மா என்னை அடிப்பார். முதலில் சாம்பலைக் கழுவத்தான் அடித்தேன். துளி நின்றது அழகாக இருந்தது. மூன்று முறை அடித்து முப்பது படம் எடுத்தேன்.

இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், “போட்டோன்னா அப்டிதாண்ணா. எல்லாரும் செய்யறதுதான்” என்று கத்தினேன். போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நான் போட்ட விதியை முதலில் உடைத்தது நானே.

அடுத்தது அவர் படம். இதுதான் நான் மறக்க நினைக்கிற இடம்.

சாலையோர மண்ணில் ஒரு ஊதா அடம்பம்பூ. மேலிருந்து எடுத்தது. பூ சின்னதாக, கீழே எங்கேயோ. படத்தின் ஒரு ஓரத்தில் லாரிக் கண்ணாடியின் விளிம்பு. குழுவில் அவர் போட்ட எல்லாப் படங்களும் அப்படித்தான். நான் இரண்டு நொடிகூடப் பார்க்கவில்லை.

“எல்லாப் பூவையும் மேலேருந்தே பாக்கறண்ணா. ராஜா மாதிரி. கீய எறங்கு, மண்டி போடு, பூவோட மூஞ்சிக்கு நேரா வா. எறங்க சோம்பேறித்தனம், அவ்ளோதான்.”

நிறை சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா என்ன? சொல்லவில்லை.

ஜெகன் அண்ணா வாயைத் திறக்கவில்லை. போன் செல்வி அக்காவிடம் போனது, அவர் ஏதோ சொன்னார், பிறகு ஜெகன் அண்ணா கைக்குத் திரும்பியது. அப்போதுதான் பேசினார். “செரி. எறங்கிப் பாக்கறேன்.”

மூன்று நாள்

புதன்கிழமை சாயங்காலம் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. ஜெகன் குழுவிலிருந்து வெளியேறினார்.

அதை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. அவருக்கு ஒரு செய்தி அடித்தேன், அழித்தேன். இன்னொன்று அடித்தேன். ‘இன்னாண்ணா, கோவமா?’ என்று அனுப்பிவிட்டு, அனுப்பிய கையோடு அதையும் அழித்தேன். நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் அங்கே நின்றது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

மறுநாள் செல்வி அக்கா அழைத்தார். ஜெகன் அண்ணா வண்டி நிற்கும் யார்டில் அக்காவின் வீட்டுக்காரர்தான் வாட்ச்மேன்.

“விசயம் தெரியுமாமா? ஜெகன வண்டிய வுட்டு எறக்கிட்டாங்களாம்.”

“எதுக்குக்கா?”

“பூவு எடுக்க எறங்கினானாம்.”

வடக்கே போகிறவர்களுக்கு இந்த வரிசை தெரியும். துறைமுக வாசலுக்கு முன்னால் எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அரைமணிக்கு ஒருமுறை நாலு வண்டி நீளம் நகரும். எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது இடைவெளி விட்டால் போச்சு, பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி மூக்கை நுழைக்கும். அதன் பின்னாலேயே அடுத்தது.

ஜெகன் அண்ணா இறங்கியிருக்கிறார். சாலையோர மண்ணில் குப்புறப் படுத்திருக்கிறார். காதுக்குள் காற்றும் அலையும். வரிசை நகர்ந்திருக்கிறது. பின்னால் ஹாரன் அடித்தது காதில் ஏறும்போது முன்னால் இருபது வண்டி புகுந்துவிட்டது. அவர் வாசலுக்குப் போனபோது அந்தக் கப்பலுக்குப் பெட்டி எடுக்கும் நேரம் முடிந்துவிட்டது.

நான் வேலை செய்வது ஏற்றுமதிப் பத்திரங்கள் போட்டுத் தரும் ஒரு அலுவலகத்தில். கப்பலைத் தவறவிட்ட பெட்டி என்றால் என்ன என்று என் மேசைக்குத் தெரியும். மூன்று போன் ஒன்றாக அடிக்கும். பத்திரம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொருவரும் அடுத்தவர் மேல் பழியைத் தள்ளித் தள்ளி, கடைசியில் வண்டி ஓட்டினவரிடம் வந்து நிற்கும். அதற்குக் கீழே தள்ள ஆளில்லை.

அவர் வண்டி போனதற்கு நான் காரணமா? இறங்கச் சொன்னது நான். ஆனால் அந்த நேரத்தில் இறங்கச் சொன்னேனா? இப்படி நாள் முழுக்க எனக்கு நானே வக்கீல், எனக்கு நானே எதிர் வக்கீல். மூன்று பத்திரத்தில் தேதி தப்பாகப் போட்டேன்.

யார்டு

வெள்ளிக்கிழமை காலை ரயிலை விட்டுவிட்டு யார்டுக்குப் போனேன். செல்வி அக்கா வீட்டுக்காரர் உள்ளே விட்டார்.

ஜெகன் அண்ணா ஒரு லாரியின் முன்கண்ணாடியைப் பழைய பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க வெள்ளை வட்டங்கள். என் செம்பருத்தியில் இருந்த அதே வட்டங்கள்.

“இன்னாமா, ஆபீஸ் இல்ல?”

“வண்டி எப்ப தருவாங்களாம்ணா?”

“அடுத்த வாரம் ஒருத்தன் ஊருக்கு போறான், அவன் வண்டிய தரேன்னு கீறாரு ஓனரு. குடுத்தா நெஜம். அதுவரிக்கும் தொடக்கற வேல.” பேப்பரை வாளியில் நனைத்தார். “குரூப்ப வுட்டு போனது ஒன்மேல கோவத்துல இல்ல. ஓனரு போன வாங்கிப் பாத்தாரு. பூ குரூப்ப பாத்துட்டு, இதான் நீ ஓட்ற வண்டியான்னாரு. அவரு முன்னாடியே வெளிய வந்துட்டேன்.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு போனை எடுத்தார்.

“அத வுடு. எறங்கி எடுத்தது காட்டவே இல்லல? இந்தா. உண்மைய சொல்லு.”

அடம்பம்பூ. பூவின் மூஞ்சிக்கு நேராக, நான் சொன்ன மாதிரியே. இதழின் நரம்பு வரைக்கும் தெளிவு. பின்னால் வானம், ஒரே நீலம். மகரந்தத்தில் ஒரு எறும்புகூட இருந்தது.

பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. ஆனால் பார்த்துக்கொண்டே நின்றேன், இன்னும் ஏதாவது தெரியாதா என்று. அதில் எண்ணூர் இல்லை. சாலை இல்லை, வரிசை இல்லை, காத்திருக்கிற ஒருத்தர் இல்லை. மருந்துக்கடை நாள்காட்டியில் வரும் பூ. இன்னும் சொன்னால், அது நான் எடுத்த மாதிரி இருந்தது.

நாக்கு நுனியில் ‘சூப்பர்’ வந்து நின்றது. வாழ்நாளில் அவ்வளவு நியாயமாக அந்தச் சொல் எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஒரு படத்துக்காக ஒரு மனிதர் வண்டியை விட்டு இறக்கப்பட்டிருக்கிறார். ஒரு சொல்தானே. சொன்னால் அவரும் சிரிப்பார், நானும் அடுத்த ரயிலைப் பிடிப்பேன்.

ஆனால் ஒன்பது பேர் சூப்பர் போட்ட இடத்தில் என் விரல் வெட்டைப் பார்த்தவர் இவர்.

“எறும்பு நல்லா வந்துருக்குண்ணா. அது நெற.”

“கொற?”

“இது நீ எடுத்த போட்டோ மாதிரி இல்ல. நா எடுத்தது மாதிரி கீது. பழசுதான் நல்லாருந்துச்சி.”

அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

“சோம்பேறின்னு சொன்னது உன் படத்த பாத்து இல்லண்ணா. பனி பொய்யின்னு நீ கண்டுபுடிச்ச காண்டுல.”

“அது அன்னிக்கே தெரியும். மூஞ்சி செம்பருத்தி கணக்கா செவந்து கெடந்துச்சி. ஆனா காண்டுல சொன்னாலும் நாயந்தானேன்னு நெனச்சேன்.” வாளியிலிருந்த பேப்பரை எடுத்துப் பிழிந்தார். “அப்ப நா எறங்கனது தண்டம்?”

“ஆமாண்ணா.”

பேப்பரை வாளிக்குள் விட்டெறிந்தார். தண்ணீர் என் செருப்பு வரை தெறித்தது. லாரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். டிரெய்லர் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. போனவர் இந்தப் பக்கம் வர எவ்வளவு நேரமாகிறது! போய்விடலாமா என்று இரண்டு முறை வாசலைப் பார்த்தேன். கால் நகர்ந்தது, நின்றது.

மறுபக்கமாக வந்தார். முகம் கழுவியிருந்தார்.

“பழசெல்லாம் அயிச்சிட்டேன்.”

“எத?”

“மேலேருந்து எடுத்ததெல்லாம். ஞாயித்துக்கெயம வூட்டுக்கு போனதும். சோம்பேறி எடுத்தது எதுக்கு எடத்த அடச்சிகினுன்னு.”

என் கை எப்படி அவ்வளவு வேகமாகப் போனது என்று தெரியவில்லை. குழுவில் அவர் போட்டதெல்லாம் என் போனில் தானாகவே இறங்கியிருந்தது. நான் திறந்து பார்க்காமலே சூப்பர் போட்ட படங்கள்! விரலால் தள்ளித் தள்ளித் தேடினேன். ஒன்று, இரண்டு, எட்டு, பதினான்கு. லாரிக் கண்ணாடி ஓரம். அதற்கு அந்தப் பக்கம், ஆழத்தில், ஒரு பூ. ஒன்றில் மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், அதன் கரையில் தும்பை. ஒன்றில் பெரிய சக்கரத்தின் வளைவு, அதை ஒட்டி இரண்டு விரல்கடை தூரத்தில் நித்யகல்யாணி. எல்லாவற்றின் மேலும் சாம்பல். ஒன்றைக்கூட அவர் துடைத்திருக்கவில்லை. ஸீட்டில் உட்கார்ந்து எப்படித் துடைப்பது?

அவர் என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தும்பையில் நின்றார்.

“இது பெருமழ அன்னிக்கி. ஆறு மணிநேரம் நவுரல. இதான் எனக்கு தொண.”

“ஏண்ணா எறங்கலன்னு நா அன்னிக்கே கேட்டுருக்கணும்.”

“நீ ஒருவாட்டியாவது மேலேருந்து பாத்துகிறியா?”

“இல்ல.”

“அப்பால எப்டி ராஜா மாதிரின்ன? வா ஞாயித்துக்கெயம. நிக்கிற வண்டிதான், பயப்படாத. ஏறு, ஒக்காரு, எடு. நா சொல்றேன் அது எப்டி கீதுன்னு.” வாளியை எடுத்துக்கொண்டு நடந்தவர் திரும்பினார். “அந்த ஸ்பிரே பாட்டில எட்த்துகினு வந்த, வண்டி கண்ணாடி மொத்தமும் நீதான் தொடப்ப.”

ஏற வேண்டிய மூன்று படி

இதை எழுதுவது சனிக்கிழமை சாயங்காலம். நாளைக் காலை யார்டு வாசலில் நிற்க வேண்டும்.

மதிலோரம் நிற்கிற ஒரு லாரியை நேற்று பார்த்து வைத்துவிட்டேன். ஏற மூன்று படி. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு எருக்கஞ்செடி இருக்கிறது. அதன் மேல் எவ்வளவு சாம்பல் இருக்கிறதோ அவ்வளவும் படத்தில் இருக்கும்.

விதியில் ஒரு வரி சேர்த்துக் குழுவில் போட்டேன். குறை சொல்லும் முன் எடுத்தவர் எங்கே இருந்து எடுத்தார் என்று கேட்க வேண்டும். முடிந்தால் அங்கே போய் நின்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். ‘சூப்பர்’ என்று ஏழு பேர் பதில் போட்டார்கள். செல்வி அக்கா மட்டும், ‘அப்ப என் மல்லிக்கு குத்தம் சொல்றவங்க மொட்ட மாடி ஏறணும், ஏணி ஆடும், பாத்து’ என்று எழுதியிருந்தார்.

ஜெகன் அண்ணாவுக்கு அந்த வண்டி கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. கேட்டால், “திங்கக்கெயம தெரியும், நீ ஞாயித்துக்கெயமய பாரு” என்கிறார். என் போனிலிருந்த பதினான்கு படங்களும் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. குழுவில் அவரை மறுபடி சேர்க்கவா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சேர்க்கவில்லை. அவர் சொல்லட்டும்.

பாட்டிலை அம்மாவின் இஸ்திரி மேசைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒத்திகை பார்க்கலாம் என்று செம்பருத்தியைச் சாம்பலோடு ஒரு படம் எடுத்து, விதியையும் சொல்லி, போனை அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாடி இது, கலீஜா…”

“அது கலீஜ் இல்லம்மா, அது வந்து…”

“இரு. போனு யார் கைல கீது?”

வாயை மூடிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தால் மூன்று நொடி தாங்கியிருப்பேன். நாளைக்குப் போன் ஜெகன் அண்ணா கையில். அவர் ஒரு படத்தை இரண்டு நிமிடம் பார்ப்பார்.